களைக்கொல்லி வேண்டாம் என்றால் எஞ்சினைக் கவனிக்கணும்
பிரஷ் கட்டர், பவர் வீடர், சின்ன பம்பு வைத்திருப்பவர்களுக்குச் சில அனுபவக் குறிப்புகள்



போன கோடையில் நடந்த இரண்டு விஷயங்கள்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தன. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்னொன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் பகுதி இயற்கை விவசாயிகள் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிற ஒரு நண்பர். வயது நாற்பது இருக்கும். நாலு வருஷமாகத் தென்னந்தோப்பில் ஒரு சொட்டு விஷம் விடாதவர். அன்று கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பு பண்ணிட்டனுங்கண்ணா. பார்த்தீனியம் இடுப்பு உசரத்துக்கு வந்துருச்சு. ஆளும் கிடைக்கலை. மெஷினு மூணு மாசமா மூலையில கிடக்குது, ஸ்டார்ட்டே ஆகலை. ஒரே ஒரு தடவைதான்னு மருந்து அடிச்சுட்டேன்" என்றார்.

மறுநாள் போய் அந்த பிரஷ் கட்டரைப் பார்த்தேன். பெரிய பழுது ஒன்றும் இல்லை. மூன்று மாதம் முன்பு ஊற்றிய பெட்ரோல் கார்புரேட்டருக்குள்ளேயே நின்று பிசினாகிக் கிடந்தது. கழற்றித் துடைத்து, புது பெட்ரோல் விட்டு, பிளக்கைச் சுத்தம் செய்ததும் மூன்றாவது இழுப்பில் ஓடியது. மொத்தம் முக்கால் மணி நேர வேலை. அந்த முக்கால் மணி நேரம் தெரியாததால் நாலு வருஷ உழைப்பு போச்சு.

களைக்கொல்லி வேண்டாம் என்று முடிவெடுக்கும்போதே, களையை வேறு எதை வைத்து எடுப்பது என்கிற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. மூடாக்கு போடுகிறோம், தக்கைப்பூண்டும் சணப்பும் விதைக்கிறோம். இருந்தாலும் வரப்புக்கும் தோப்புக்கும் எஞ்சின் தேவைப்படுகிறது. மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் தீனி எடுக்காமல் நின்று காட்டிவிடும். எஞ்சின் அப்படிக் காட்டாது. நாமாகத்தான் பார்க்கணும்.

பெட்ரோலும் எண்ணெயும்

முதலில் உங்கள் எஞ்சின் 2 ஸ்ட்ரோக்கா, 4 ஸ்ட்ரோக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். வாங்கி இரண்டு வருஷம் ஆன பிறகும் இது தெரியாமல் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

2 ஸ்ட்ரோக் என்றால் எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்றணும். அதற்கென்று உள்ள 2டி ஆயிலைத்தான் கலக்க வேண்டும். எவ்வளவு என்பது கருவியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். 25-க்கு 1 என்று போட்டிருந்தால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண் அளவு கூடாது. இருமல் மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் ஜாமாகிவிடும். கூடினால் புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். டேங்கிலேயே கலக்காமல், தனி கேனில் கலந்து குலுக்கிவிட்டு ஊற்றுங்கள்.

4 ஸ்ட்ரோக்கில் எண்ணெய் எஞ்சினுக்கு உள்ளே தனியாக இருக்கும். பெட்ரோலில் கலக்கக் கூடாது. 35 சிசி அளவுள்ள பிரஷ் கட்டருக்கு உள்ளே போவது வெறும் 100 மில்லி எண்ணெய்தான். ஒரு டீ கிளாஸ். அதில் கால்வாசி குறைந்தாலும் எஞ்சினுக்கு ஆபத்து. ஆகவே ஒவ்வொரு நாளும் ஓட்டுவதற்கு முன் சமதளத்தில் வைத்து அளவு பார்க்கணும். புது எஞ்சினில் முதல் 10 மணி நேரம் ஓடியதும் எண்ணெயை மாற்றிவிடுங்கள். உள்ளே உராய்ந்து விழுந்த இரும்புத் துகள் அதோடு வெளியே வந்துவிடும். பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பவர் வீடருக்குக் கணக்கு வேறு. அதன் புத்தகத்தைப் பாருங்கள்.

இனி பெட்ரோல். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நாளாக நாளாகத் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கும். ரப்பர் குழாய்களும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் தகடும் சீக்கிரம் கெட்டுவிடும். எனவே ஒரு மாதத்துக்கு மேல் பெட்ரோலைச் சேர்த்து வைக்காதீர்கள். பதினைந்து நாளைக்கு மேல் கருவியை எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இந்த ஒன்றைச் செய்திருந்தால் நம் நண்பர் மருந்துக் கடைக்குப் போயிருக்க மாட்டார்.

காற்றும் பிளக்கும்

எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோல், காற்று, தீப்பொறி. ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். கயிற்றை ஐம்பது தடவை இழுத்துத் தோள்பட்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

காய்ந்த புல்லில் வேலை செய்யும்போது ஏர் ஃபில்டர் ஒரே நாளில் அடைத்துக்கொள்ளும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் கசக்கி அலசி, நன்றாகக் காயவைத்து, சில சொட்டு எஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். பேப்பர் ஃபில்டரை நனைக்கக் கூடாது, தட்டிச் சுத்தம் செய்தால் போதும். ஃபில்டர் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். உள்ளே போகிற மண் சிலிண்டரை உப்புக்காகிதம் போல் தேய்த்துவிடும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே எஞ்சினின் உடல்நிலை தெரியும். முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. கரியாக இருந்தால் ஃபில்டர் அடைப்பு, அல்லது எண்ணெய் அதிகம். வெள்ளையாக இருந்தால் எஞ்சின் அதிகமாகச் சூடாகிறது என்று அர்த்தம். பிரஷ் கட்டர் பிளக்கின் இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். தீப்பொறி வருகிறதா என்று சோதிக்கும்போது பெட்ரோல் கேன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கத்தி இருக்கும் கியர் தலைக்குள் 20, 25 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்கணும். கத்தியைப் பிடித்திருக்கும் நட் பெரும்பாலான கருவிகளில் இடது மரை. வலது பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் முறுக்கி மரையை உடைத்தவர்கள் பலர். நானும் ஒருவன்.

கத்தி சுற்றும் இடத்தில்

பிரஷ் கட்டர் எஞ்சின் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றும். அந்த வேகத்தில் கத்தியில் பட்ட சின்னக் கல் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுற்றிலும் 15 மீட்டருக்குள், அதாவது ஐம்பது அடிக்குள் யாரும் இருக்கக் கூடாது. பிள்ளைகள், ஆடு மாடு எல்லாம் இதில் அடக்கம். பின்னாலிருந்து வந்து தோளைத் தொட்டுக் கூப்பிடக் கூடாது என்று வீட்டிலும் வேலையாட்களிடமும் சொல்லி வையுங்கள். சத்தத்தில் கேட்காது. திடுக்கிட்டுத் திரும்பினால் கத்தியும் சேர்ந்து திரும்பும்.

வேட்டி, லுங்கி, தோளில் துண்டு இவற்றோடு ஓட்டாதீர்கள். முழுக்கால் சட்டை, மூடிய செருப்பு, கண்ணாடி, காதுக்கு அடைப்பான் வேண்டும். கம்பெனிக்காரர் கொடுத்த பாதுகாப்புத் தகட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பழக்கம். அந்தத் தகடுதான் நம் கணுக்காலுக்குக் காவல். நைலான் நரம்பு தீர்ந்துவிட்டதென்று கட்டுக்கம்பி மாட்டுவதைப் பார்க்கிறேன். துண்டாகிப் பறந்தால் துப்பாக்கிக் குண்டுதான். தயவுசெய்து வேண்டாம்.

மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான கத்திகள் இடப்பக்கமாகச் சுற்றும். அதனால் வலமிருந்து இடமாக வீசி, கத்தியின் இடது பக்கத்தால் வெட்டணும். வலது முன்பக்கம் கல்லிலோ கட்டையிலோ பட்டால் கருவி நம்மை எதிர்த்துத் தள்ளும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் கத்தி சுற்றிக்கொண்டே இருந்தால், கிளட்ச் ஸ்பிரிங்கோ ஐடிலிங்கோ சரியில்லை. சரிசெய்யாமல் எடுக்காதீர்கள்.

பவர் வீடரில் பெரிய ஆபத்து பின்பக்கமாக எடுக்கும்போதுதான். பின்னால் மரமோ வரப்போ இருந்தால் நாம் நடுவில் மாட்டிக்கொள்வோம், கத்தி காலுக்கு வரும். மண்ணைக் கிளறிக்கொண்டே பின்னால் எடுக்கக் கூடாது. கொடியோ சொட்டுநீர்க் குழாயோ சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, பிளக் கேப்பைக் கழற்றிவிட்டு அதன் பிறகு கையை வையுங்கள். "ஒரு நிமிஷம்தானே" என்று ஓடும் எஞ்சினில் கை வைத்தவர்களைத்தான் விரல் இல்லாமல் பார்க்கிறோம்.

பெட்ரோல் ஊற்றும்போது

ஓடி நிறுத்திய எஞ்சினில் உடனே பெட்ரோல் ஊற்றாதீர்கள். பத்து நிமிடம் ஆறட்டும். அந்த நேரத்தில் ஒரு சொம்பு மோர் குடிக்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், பத்தடி தள்ளி இருக்கும் பீடியிலும் பற்றிக்கொள்ளும். ஊற்றிய இடத்திலேயே ஸ்டார்ட் செய்யாமல், பத்தடி தள்ளிப் போய்க் கயிற்றை இழுங்கள்.

தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைப்பதை அறவே விடுங்கள். தாகத்தில் வந்த ஆளோ குழந்தையோ எடுத்துக் குடித்துவிடலாம். அப்படிக் குடித்தவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போய்விடும். நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகணும். டியூப் வைத்து வாயால் உறிஞ்சுவதும் இதே ஆபத்துதான்.

கிணற்றுக்குள் எஞ்சினை இறக்காதீர்கள்

இப்போது அந்த இரண்டாவது விஷயம்.

பக்கத்துத் தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கிவிட்டது. மேலே வைத்த பெட்ரோல் பம்பு தண்ணீர் இழுக்கவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. உறிஞ்சும் பம்பு எதுவானாலும், எத்தனை குதிரைத் திறன் ஆனாலும், நடைமுறையில் 7 மீட்டர், சுமார் 25 அடிக்குக் கீழிருந்து உறிஞ்சாது. தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம். அதன் சக்தியே அவ்வளவுதான். இது தெரியாமல் பம்பைக் கயிறு கட்டி, கிணற்றின் உள்திட்டில் இறக்கினார்கள். வேலைக்கு இருந்த பையன் இறங்கி ஓட்டிவிட்டான். அரைமணி கழித்து ஆக்சிலேட்டரைக் கூட்ட மறுபடி இறங்கியவன், "தலை சுத்துதுங்கய்யா" என்று சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

நல்ல வேளை, இடுப்பில் கயிறு இருந்தது. நாலு பேர் சேர்ந்து மேலே இழுத்தோம். அதற்குள் அவனுடைய அப்பா கீழே இறங்கத் துடித்தார். "காலையில லாந்தர் இறக்கிப் பாத்தமுங்க, நல்லா எரிஞ்சுதே" என்றார்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். லாந்தர் அணைந்தால் பிராணவாயு குறைவு என்று தெரியும். ஆனால் எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை லாந்தர் காட்டாது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். காற்றில் 100-க்கு 1 பங்கு இருந்தாலே சில நிமிடங்களில் உயிர் போய்விடும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஆள் இருக்க மாட்டான். ஒருவரைக் காப்பாற்ற இறங்கி, அடுத்தடுத்து இரண்டு மூன்று பேர் இறப்பது இதனால்தான்.

அந்தப் பையன் ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்து இரண்டு நாளில் எழுந்துவிட்டான். கயிறு இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்தப் பம்பு என்னுடையது. கேட்டதும் கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை.

ஆகவே 25 அடிக்குக் கீழே தண்ணீர் போனால் நீர்மூழ்கி மோட்டார்தான் வழி. பெட்ரோல், டீசல் எஞ்சின் எதுவும் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. மோட்டார் அறை, மூடிய கொட்டகை, பக்கம் திறக்காத பசுமைக்குடில் இவற்றுக்குள்ளும் ஓட்டக் கூடாது. யாராவது உள்ளே மயங்கிவிட்டால் பின்னாலேயே இறங்காதீர்கள். தீயணைப்புத் துறைக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

ஒரு நோட்டுப் போடுங்கள்

முப்பது வருஷம் வங்கியில் பேரேடு எழுதிய பழக்கம் எனக்கு இதில் உதவுகிறது. ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு பெட்ரோல், எண்ணெய் மாற்றிய நாள், ஃபில்டர் கழுவிய நாள். கருவியை இரவல் கொடுத்தால் யாருக்கு, எதற்கு என்றும் எழுதுகிறேன். அந்தக் கடைசிப் பத்தி போன கோடைக்குப் பிறகு சேர்த்தது. எஞ்சினை இரவல் கேட்டு வருகிறவர்களிடம், கிணற்றுக்குள் இறக்க மாட்டேன் என்று சொன்னால்தான் இப்போது எடுத்துக் கொடுக்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை.

மருந்து அடித்த அந்த நண்பரும் ஒரு நோட்டு வாங்கிவிட்டார். அடுத்த மழைக்குப் பிறகு முளைத்த பார்த்தீனியத்தைப் பூ எடுப்பதற்கு முன்பே பிரஷ் கட்டரால் வெட்டி, தென்னைக்கு மூடாக்காகப் போட்டிருக்கிறார். நாலு வருஷக் கணக்கை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறார்.