வெள்ளாட்டுக்கு இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று

இறைச்சிக்காக வெள்ளாடு வளர்க்கும் குடியானவருக்கு வருமானம் என்பது குட்டிகளே. ஆகையால் பெட்டை எத்தனை முறை ஈனுகிறதோ அத்தனைக்கு இலாபம் என்றெண்ணிப் பலர் பொலி கிடாவை வருஷம் முழுவதும் மந்தையிலேயே விட்டுவைக்கின்றனர். இவ்வழக்கத்தால் ஈற்றுகள் கூடுவது மெய்யே. சந்தைக்கு வந்து சேரும் குட்டிகள் அவ்விதம் கூடுவதில்லை.

வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். ஈன்றபின் குட்டி மூன்று மாதம் பாலுண்ண வேண்டும். பால் மறக்கடித்தவுடன் தாயைக் கிடாவுடன் சேர்ப்பின், ஈற்றுக்கு ஈற்று எட்டு மாத இடைவெளி ஏற்பட்டு, இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்று கிடைக்கும். இதற்கு மேல் விரும்புவது பேராசையாகும். வருஷத்துக்கு இரண்டு ஈற்று வேண்டுமாயின் ஈன்ற ஒரு மாதத்திலேயே மறுபடி சினை பிடிக்க வேண்டும். கன்னி ஆடு போன்று இரட்டைக் குட்டி ஈனும் ஜாதிகளில் தாய் தன் உடம்பையே கரைத்துப் பால் கொடுக்கும் சமயம் அது.

20 பெட்டைகள் ஈற்றொன்றுக்கு 30 குட்டிகள் போடுவதாக வைத்துக்கொண்டால், வருஷம் ஓர் ஈற்று வீதம் இரண்டு வருஷத்தில் 60 குட்டிகள். அவற்றில் 6 இறப்பின் மிச்சம் 54. மூன்று ஈற்றானால் 90 குட்டிகள். தாய்க்குப் பால் வற்றி அவற்றில் 36 இறப்பின் மிச்சம் அதே 54 தான். தாய்கள் மெலிந்தது தனி நஷ்டம்.

ஆதலின் மாதக் கணக்கோடு மேய்ச்சலையும் கவனித்தல் வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் சீமைகளில் புரட்டாசியில் சேர்த்த பெட்டை மாசியில் ஈனும். சினையின் கடைசி இரண்டு மாதங்களில்தான் வயிற்றுக் குட்டி பெரும்பாலும் வளர்கிறது. அக்காலம் மழைக்குப் பின் தழை மிகுந்த மார்கழி, தையில் அமைவதால் இவ்வீற்றே சிறந்தது. வைகாசியில் மறுபடி சேர்த்தால் ஐப்பசியில் ஈனும். அடைமழையில் ஈரத் தரையிற் கிடக்கும் குட்டிகளுக்குச் சளியும் கழிச்சலும் காணுமாதலால், பரண் அல்லது நனையாத கொட்டகை இல்லாதவர் இதற்குத் துணியலாகாது. தையில் சேர்ப்பது ஆனியில் ஈனும். இதுவே கஷ்டமான ஈற்று. சித்திரை, வைகாசியில் புல் கருகியிருக்கும். சினையாடு ஒன்றுக்குத் தினம் 250 கிராம் அளவில் தானியமும் பிண்ணாக்கும் கலந்து கொடுப்பதுடன், கோடையில் உதிரும் கருவேலங்காயைச் சேர்த்து வைத்தும் போடவேண்டும். இச்செலவுக்கு இயலாதவர்கள் புரட்டாசியில் மட்டும் சேர்த்து வருஷத்துக்கு ஓர் ஈற்றுடன் திருப்தியடைதல் உசிதம்.

சேர்க்குமுன் ஒவ்வொரு பெட்டையின் முதுகையும் விலாவையும் கையால் தடவிப் பார்க்கவேண்டும். எலும்பு முண்டு முண்டாகத் தட்டுப்பட்டால் அந்த ஆட்டை அம்முறை நிறுத்தி வைப்பதே நலம். தேறிய ஆடுகளுக்குச் சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே கம்போ சோளமோ சிறிது கொடுத்துவந்தால் இரட்டைக் குட்டிகள் அதிகப்படும்.

பெட்டை வாலை அடிக்கடி ஆட்டிக் கத்துவது பருவத்தின் அடையாளம். பருவம் ஒரு நாள், ஒன்றரை நாள் இருந்து, சினை பிடிக்காவிடில் சுமார் 21 நாட்களில் திரும்பி வரும். ஆகவே கிடாவை 45 நாட்கள் மந்தையில் விட்டுப் பிரித்துக் கட்டினால் இரண்டு பருவங்கள் அடங்கிவிடும். 25 பெட்டைகளுக்கு ஒரு கிடா போதும். இளம் பெட்டையைப் பத்துப் பன்னிரண்டு மாத வயதும், வளர்ந்த ஆட்டின் எடையில் மூன்றில் இரண்டு பங்கும் வருமுன் சேர்க்கலாகாது. கிடாக்குட்டிகளையும் நாலாம் மாதத்தில் பிரிக்காவிடில் தாய், தமக்கையென்று பாராமல் சினைப்படுத்திவிடும்.

தன் மகள்களையே சேராதபடி, இரண்டு வருஷத்துக்கொருமுறை பொலி கிடாவையும் மாற்றவேண்டும். பக்கத்துக் கிராமத்தாருடன் கிடாக்களைப் பரிமாறிக்கொள்ளக் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்யின், புதிது வாங்கும் செலவும் மிச்சமாகும். நோயற்றதா என்று கால்நடை மருந்தகத்தில் காட்டிய பின்னரே மந்தையிற் சேர்க்கவேண்டும்.