வங்கியின் நீர்மை

மக்கள் இட்ட பொருளை வங்கி பெட்டியிற் பூட்டி வைப்பதில்லை. அதன் பெரும்பகுதியை உழவர்க்கும் வணிகர்க்கும் தொழில் நடத்துவோர்க்கும் கடனாக ஈந்து வட்டி பெறுகின்றது. இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. பணம் இட்டவர் வேண்டும்பொழுது கேட்கலாம். கடன் பெற்றவரோ தவணை வந்த பின்னரே திருப்பித் தருவார். வீடு கட்டுவார்க்குப் பத்தாண்டுத் தவணையிற் கடன் கொடுத்த வங்கி, நாளைக் காலையில் வந்து நிற்பவரிடம், "பத்தாண்டு பொறுங்கள்" என்று கூற இயலுமோ? ஆகவே, வங்கிக்குச் சொத்து மிகுதியாக இருத்தல் மட்டும் போதாது. கேட்ட நாளிற் பணமாக மாறும் சொத்தும் வேண்டும். இத்தன்மையை நீர்மை என்பர். நீர்மை என்னும் சொல் இயல்பு, குணம் என்னும் பொருள்களிற் பண்டுதொட்டு வழங்குவது. இங்கே அது நீர்போல் எளிதிற் பாயும் தன்மையைக் குறிக்கின்றது.

நீர்மையை அளக்கும் விகிதங்கள் சில உள. வைப்புத்தொகையில் எத்துணைப் பங்கு கடனாகச் சென்றுள்ளது என்று காண்பது ஒன்று. நூறு கோடி ரூபாய் வைப்புள்ள வங்கி எழுபது கோடியைக் கடனாக ஈந்திருப்பின் அவ்விகிதம் 70 விழுக்காடாகும். இஃது எளிய அளவை. எஞ்சிய முப்பது கோடி எவ்வடிவில் உள்ளது என்பதை இது கூறாது.

அதனினும் நுட்பமானது நீர்மைக் காப்பு விகிதம். 2008ஆம் ஆண்டின் உலக நிதி நெருக்கடிக்குப் பின்னர், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரிற் கூடும் வங்கி மேற்பார்வைக் குழு இதனை வகுத்தது. கடும் நெருக்கடி நேர்ந்ததாகக் கொண்டு, அடுத்த 30 நாட்களில் வங்கியை விட்டு வெளியேறக்கூடிய நிகரத் தொகையை மதிப்பிடுவர். விரைந்து பணமாக்கத்தக்க உயர்தரச் சொத்துக்களை அத்தொகையால் வகுப்பர். வெளியேறுவது 20 கோடி, கையிலுள்ளது 24 கோடி எனின் விகிதம் 120 விழுக்காடு. 100 விழுக்காட்டிற்குக் குறையலாகாது என்பது பொதுவிதி. சிறு சேமிப்பாளர் எளிதில் அஞ்சி ஓடார் என்பதனால், அவர் வைப்பில் ஒரு சிறு பங்கே வெளியேறும் எனக் கொள்வர். பெரிய நிறுவனங்களின் வைப்பிற் பெரும்பங்கு வெளியேறும் என்பர். இக்கணக்கின் உண்மை முழுவதும் இந்த மதிப்பீட்டையே பற்றி நிற்கின்றது.

அமெரிக்காவின் சிலிக்கன் வேலி வங்கி இதற்குச் சான்று. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அதன் வைப்பு ஏறத்தாழ 17,300 கோடி டாலர். வைப்பிற் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல், 2,50,000 டாலர் என்னும் காப்பீட்டு வரம்பைக் கடந்தது. இட்டவருட் பலர் புதுத்தொழில் நிறுவனத்தார். வங்கியோ நெடுந்தவணைப் பத்திரங்களை மிகுதியாக வாங்கியிருந்தது. அவை தவணை முடிவில் முழுத்தொகை தருவனவே. எனினும் நாட்டில் வட்டி உயர உயர, இடையில் விற்பார்க்கு அவற்றின் விலை குறைந்தது. 2023 மார்ச்சு 8ஆம் நாள், ஏறத்தாழ 2,100 கோடி டாலர் பத்திரங்களை விற்று 180 கோடி டாலர் இழந்ததாக வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே பகலில் 4,200 கோடி டாலர் வெளியேறிற்று. வாயிலில் நீண்ட வரிசை தோன்றுமுன் கைப்பேசி வழியே அவ்வளவும் சென்றது. 10ஆம் நாள் அரசு அதிகாரிகள் வங்கியை மூடினர். நீர்மைக் காப்பு விதி அங்கே மாபெரும் வங்கிகளையே கட்டியது. இவ்வங்கி அதற்கு உட்பட்டதன்று. உட்பட்டிருப்பினும், 30 நாட்களுக்கென வகுத்த கணக்கு ஒரு நாளின் விரைவை எங்ஙனம் தாங்கியிருக்கும் என்பது ஐயத்திற்குரியதே.

இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஏப்பிரலில் தன் விதியைத் திருத்திற்று. இணையம் அல்லது கைப்பேசி வழியே எடுக்கத்தக்க சில்லறை வைப்புகளில், முன்னர்க் கொண்டதினும் 2.5 விழுக்காடு மிகுதியாக வெளியேறும் எனக் கணக்கிடுமாறு வங்கிகளைப் பணித்தது. 2026 ஏப்பிரல் முதல் நாளை அதற்குத் தொடக்கமாகக் குறித்தது.