பழுது கருவியிலா, மென்பொருளிலா?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடும் விவசாயி ஒருவர் அண்மையில் தன் மகனின் மடிக்கணினியுடன் என் வீட்டுக்கு வந்தார். மகன் கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறார். கணினி விளையாட்டைத் திறந்த சில நிமிடங்களில் திரை கறுத்து, விளையாட்டு தானாக மூடிக்கொள்கிறது. பாடத்துக்குரிய முப்பரிமாண மென்பொருளும் அவ்வாறே. 'மதர்போர்டு போய்விட்டது, மாற்ற 22 ஆயிரம் ரூபாய் ஆகும்' என்று பழுதுநீக்கும் கடையில் கூறியிருக்கிறார்கள். வட்டிக்குக் கடன் வாங்கலாமா என்று கேட்கவே, பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில், அவர் என்னிடம் வந்தார்.

கடனுக்குத் தேவை ஏற்படவில்லை. விண்டோஸில் 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்றொரு பதிவேடு உண்டு. எந்த நாளில் எந்த மென்பொருள் நிறுவப்பட்டது, எது செயலிழந்தது என்பதை அது நாள்வாரியாகக் காட்டும். கிராஃபிக்ஸ் டிரைவர் தானாகப் புதுப்பிக்கப்பட்ட மறுநாளிலிருந்துதான் சிக்கல் தொடங்கியிருந்தது. பழைய டிரைவருக்குத் திரும்பினோம். அரை மணி நேரத்தில் கணினி சீரானது.

விளையாட்டுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் இடையே நின்று கட்டளைகளை மொழிபெயர்க்கும் மென்பொருளே டிரைவர். முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் இந்தப் பள்ளத்தாக்கில் பாய்கிறது. அணையில் நீர் இருந்தும் மடை சரியாகத் திறக்காவிட்டால் வயல் காயும். அதற்காக அணையை இடித்துக் கட்டுவார் யாருமில்லை. டிரைவர் என்பது அந்த மடை. கட்டளைக்கு கிராஃபிக்ஸ் கார்டு 2 விநாடிகளுக்குள் பதில் தராவிட்டால், அது உறைந்துவிட்டதாகக் கருதி விண்டோஸ் அதை மீளத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் திரை கறுக்கிறது, விளையாட்டு மூடிக்கொள்கிறது.

இது பெரு நிறுவனங்களையும் தடுமாறச் செய்த சிக்கல். விண்டோஸ் விஸ்டா வெளிவந்த 2007-இல் பதிவான செயலிழப்புகளில் ஏறத்தாழ 29 விழுக்காட்டுக்கு என்விடியா டிரைவர்களே காரணம் என்று மைக்ரோசாஃப்டின் உள் ஆவணம் கூறியது. ஒரு வழக்கின் வாயிலாக அது வெளியுலகுக்குத் தெரிந்தது.

எனவே, பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியவை சில. டிரைவர் புதுப்பித்தலுக்குப் பின் சிக்கல் தொடங்கியிருந்தால், 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் கிராஃபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுத்து 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்த வேண்டும். அந்த வசதி மங்கித் தெரிந்தால், மடிக்கணினி நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்கென உள்ள டிரைவரை நிறுவலாம். பழையதன் எச்சங்கள் இடையூறு செய்தால், 'சேஃப் மோடு' நிலையில் அதை முழுமையாக நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். 'டிரைவர்களை ஒரே நொடியில் சரிசெய்கிறோம்' என்று பணம் கேட்கும் விளம்பரங்களை நம்பக் கூடாது.

எல்லாப் பழியையும் டிரைவர் மீது போடுவதும் தவறு. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் விளையாட்டுகள் 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்ற அறிவிப்புடன் நின்றன. கிராஃபிக்ஸ் கார்டில் குறை என்றே பலரும் எண்ணினர். செயலிக்குச் சென்ற மிகை மின்னழுத்தமே காரணம் எனப் பின்னர் தெரிந்தது. இன்டெல் உத்தரவாதக் காலத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. டிரைவரை மாற்றியும் எல்லா விளையாட்டுகளும் நின்றால் தூசி, வெப்பம், மின்வழங்கி, செயலி என ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கருவியை மாற்றுவது கடைசிப் படி.

இங்கே பொருளாதாரமும் இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிச் சீர்கெடும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். பழுதுநீக்கும் சந்தைக்கும் அது பொருந்தும். குறையுள்ள டிரைவரை அனுப்பிய நிறுவனத்துக்கு இழப்பில்லை. பழுதைத் தவறாகக் கணித்த கடைக்கும் இழப்பில்லை. விலையைக் கொடுப்பவர் விவசாயி.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கிய பின், கணினி சிற்றூர்களையும் எட்டியது. அதைப் பேணும் அறிவு அதே வேகத்தில் எட்டவில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுநீக்கும் உரிமை'க்கென இணையதளம் தொடங்கியது நல்ல முயற்சி. ஆனால், பழுது எதுவென்று அறியாதவருக்கு அந்த உரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.

என்ன சோதனை செய்யப்பட்டது, எதனால் கருவி பழுதெனக் கணிக்கப்பட்டது என்பதைக் கடைகள் எழுத்தில் தருவது கட்டாயமாக்கப்பட வேண்டும். கல்லூரிகளும் மாணவர்களைக் கொண்டே மாதம் ஒருநாள் இலவசச் சோதனை முகாம் நடத்தலாம். ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காக்க அந்த அரை மணி நேரம் போதும்.