ஓடிக்கொண்டிருப்பதையும் கணக்கில் சேருங்கள்!



நம் ஒர்க்‌ஷாப்பில் பத்து பேரிங்குகளை ஒரே நாளில் ஓட விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் ஏழு தேய்ந்துவிட்டன. மூன்று இன்னும் ஜம்மென்று ஓடுகின்றன. ரிப்போர்ட் கொடுக்கும் நாள் வந்துவிட்டது. சராசரி ஆயுள் எவ்வளவு? ஓடுகிற மூன்றை என்ன செய்வது? "அதுதான் கெடலையே, விட்டுடலாம்" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று ஒரு மருந்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

ஒரு மருந்தின் கதை

1963-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ரத்தப் புற்றுநோய் வந்து, சிகிச்சையில் நோய் தற்காலிகமாக அடங்கியிருந்த 42 இளம் நோயாளிகள். 21 பேருக்கு 6-மெர்காப்டோப்யூரின் என்ற மருந்து. மற்ற 21 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. நோய் மறுபடி தலைகாட்ட எத்தனை வாரம் ஆகிறது என்பதே கேள்வி. (இந்த மருந்தை உருவாக்கிய கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் இருவரும் 1988-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.)

வெறும் மாத்திரை சாப்பிட்ட 21 பேருக்கும் நோய் திரும்பியது. சராசரி 8.7 வாரம். மருந்து சாப்பிட்டவர்களில் 9 பேருக்குத்தான் திரும்பியது. மீதி 12 பேரை கடைசியாகப் பார்த்தபோது நோய் திரும்பவில்லை.

நான் என்ன செய்தேன்? அந்த 12 பேரை அடித்துவிட்டு, 9 பேருக்கு மட்டும் சராசரி போட்டேன். 12.1 வாரம் வந்தது. அடடா, இவ்வளவு பெரிய மருந்துக்கு மூன்றரை வாரம்தான் லாபமா? பிறகுதான் உறைத்தது. மருந்து யாருக்கு நன்றாக வேலை செய்ததோ, அவர்களையே நான் வெளியே தள்ளியிருக்கிறேன்!

"35 வாரம் வரை திரும்பவில்லை" என்பதும் ஒரு தகவல்தான். முடிவு தெரியாமல் நின்ற இப்படிப்பட்ட கணக்குக்குப் புள்ளியியலில் 'சென்சார்டு' என்று பெயர்.

சரி, எல்லோரையும் சேர்ப்போம். மருந்து சாப்பிட்டவர்களைக் கவனித்தது மொத்தம் 359 வாரம். நோய் திரும்பியது 9 முறை. மற்றவர்களைக் கவனித்தது 182 வாரம். திரும்பியது 21 முறை. நூறு வாரத்துக்கு 2.5 ஒரு பக்கம், 11.5 மறுபக்கம். அதாவது 4.6 மடங்கு வித்தியாசம்! அந்த 12 பேரைச் சேர்த்ததும் கதையே மாறிவிட்டது பாருங்கள்.

காக்ஸ் சொன்ன வழி

ஆனால் இந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. முதல் வாரமும் முப்பதாவது வாரமும் ஆபத்து ஒரே அளவு என்று எடுத்துக்கொண்டோம். பேரிங் அப்படியா? புதிதில் சில உடனே போகும், நடுவில் அமைதியாக ஓடும், பழசானதும் வரிசையாகப் போகும்.

இங்கேதான் டேவிட் காக்ஸ் வருகிறார். 1924-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். யுத்த காலத்தில் விமான ஆராய்ச்சி நிலையத்திலும், பிறகு கம்பளித் தொழில் ஆராய்ச்சியிலும் வேலை பார்த்தவர். ஆக, நம்ம ஆள்! லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இருந்தபோது 1972-ல் எழுதிய கட்டுரையில், மேலே சொன்ன 42 பேர் கணக்கையே உதாரணமாக எடுத்தார்.

இதுவரை தாக்குப்பிடித்த ஒருவருக்கு இந்தக் கணத்தில் ஆபத்து வரும் வேகத்தை 'ஹசார்ட்' என்பார்கள். காக்ஸ் அதை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, காலத்தோடு ஏறி இறங்கும் பொதுவான பகுதி. மற்றொன்று, அவரவர் நிலையைப் பொறுத்த பெருக்கும் எண்: மருந்து உண்டா, வயது என்ன, பேரிங் என்றால் லோடு எவ்வளவு, என்ன ஆயில். அந்த எண் காலத்தோடு மாறாது. அதனால்தான் 'விகிதசம' மாடல் என்று பெயர். அதிசயம் என்னவென்றால், முதல் பகுதி தெரியாமலே இரண்டாவதைக் கண்டுபிடித்துவிடலாம்.

குலுக்கல் சீட்டு

எப்படி? எங்கள் தெருவில் அம்மா போடும் குலுக்கல் சீட்டை நினைத்துக்கொண்டேன். மாதாமாதம், பாக்கி இருப்பவர்கள் பெயரை மட்டும்தான் டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள்.

15-ஆம் வாரத்தைப் பாருங்கள். அதுவரை நின்றவர்கள் வெறும் மாத்திரையில் 4 பேர், மருந்தில் 11 பேர். அந்த வாரம் நோய் திரும்பியது வெறும் மாத்திரைக்காரர் ஒருவருக்கு. ஆளுக்கு ஒரு சீட்டு என்றால், அந்த நால்வரில் ஒருவர் பெயர் வர வாய்ப்பு 15-ல் 4. அதாவது 27 சதவீதம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் 4.5 சீட்டு என்றால்? 29-ல் 18, அதாவது 62 சதவீதம்!

நோய் திரும்பிய ஒவ்வொரு வாரத்துக்கும் இப்படிக் கணக்கிட்டு எல்லாவற்றையும் பெருக்க வேண்டும். எந்த எண்ணுக்குப் பெருக்குத்தொகை அதிகபட்சமாக வருகிறதோ, அதுதான் விடை. இங்கே சுமார் 4.5. (ஒரே வாரத்தில் பலருக்குத் திரும்பும்போது அதைக் கையாளும் முறையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும்.) நோய் திரும்பாத 12 பேரும் தங்கள் கடைசி வாரம் வரை டப்பாவில் இருந்தார்கள். யாரையும் தூக்கி எறியவில்லை!

இரண்டு எச்சரிக்கை

ஒன்று: ஹசார்ட் 4.5 மடங்கு என்றால் ஆயுளும் அதே மடங்கு மாறும் என்று அர்த்தமில்லை. அது ஆபத்தின் வேகம் மட்டுமே.

இரண்டு: விகிதம் கடைசிவரை மாறாமல் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஆபரேஷனில் ஆரம்பத்தில் ஆபத்து அதிகம், பிறகு குறைவு. மாத்திரையில் அப்படியே தலைகீழ் என்றால், ஒரே எண்ணில் இரண்டையும் அடைக்க முடியாது.

முடிவாக, நண்பர்களே! அரியரை எத்தனை செமஸ்டரில் முடிக்கிறார்கள் என்று யாராவது கணக்கெடுத்தால், முடித்தவர்களை மட்டும் எண்ண விடாதீர்கள். இன்னும் எழுதிக்கொண்டிருப்பவனையும் சேர்க்கச் சொல்லுங்கள். அவன் கணக்கு முடியவில்லை, அவ்வளவுதான்!

— இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை