கத்தியில் பொறித்த எண் சொல்வது என்ன? திருமலை பிளேடு முதல் சித்தூர் மாம்பழக் கத்தி வரை

திருப்பதி: திருமலையில் முடி காணிக்கை செலுத்தும் பக்தரின் தலையில் படும் பிளேடும், சித்தூர் மாவட்டத்தில் மாம்பழம் நறுக்கும் கத்தியும் எஃகால் ஆனவையே. ஆனால் எல்லா எஃகும் ஒன்றல்ல. கடையில் வாங்கும் கத்தியின் அலகில் '420', '440சி', 'விஜி-10' போன்ற குறியீடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றின் பொருள் தெரிந்தால், கொடுக்கும் விலைக்கு உரிய தரம் கிடைக்கிறதா என்பதை வாங்குபவரே ஓரளவு கணிக்கலாம்.

கார்பனும் குரோமியமும்

இரும்புடன் சிறிதளவு கார்பன் சேர்ந்தால் எஃகு. கார்பன் கூடினால் கடினத்தன்மை கூடும், கூர்மை நீடிக்கும். ஆனால் அலகு எளிதில் உடையும் இயல்பும் கூடும். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால், மேற்பரப்பில் உருவாகும் மெல்லிய ஆக்சைடு படலம் துருவைத் தடுக்கும். 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி உருவாக்கிய இத்தகைய எஃகு, பின்னர் கத்தித் தொழிலையே மாற்றியது.

இதன் தேவையை சித்தூரில் எளிதாக உணரலாம். தமிழில் கிளிமூக்கு எனப்படும் தோத்தாபுரி மாம்பழமே அம்மாவட்ட மாங்கூழ் ஆலைகளின் முக்கிய மூலப்பொருள். மாங்காயின் புளிப்பும், துவர்ப்பைத் தரும் டானினும் சாதாரண இரும்புக் கத்தியுடன் வினைபுரிந்து கறுப்புக் கறையை உண்டாக்கும். துருப்பிடிக்காத எஃகில் இந்தச் சிக்கல் பெருமளவு குறைகிறது.

பெயர்களைப் படிப்பது எப்படி?

அமெரிக்க முறையில் 400 வரிசை எஃகுகள் கத்திக்கு உரியவை. 420 வகையில் கார்பன் குறைவு. துருவை நன்கு தாங்கும், ஆனால் விரைவில் மழுங்கும். 440ஏ வகையில் 0.60 முதல் 0.75 சதவீதமும், 440சி வகையில் 0.95 முதல் 1.20 சதவீதமும் கார்பன் உண்டு. எனவே '440' என்று மட்டும் பொறித்திருந்தால் எந்த வகை எனக் கேட்பது நல்லது.

ஜெர்மானியப் பெயரே கலவையைச் சொல்லிவிடும். 'எக்ஸ்50சிஆர்எம்ஓவி15' என்பதில் 50 என்பது 0.50 சதவீத கார்பனையும், 15 என்பது 15 சதவீத குரோமியத்தையும் குறிக்கும். இடையிலுள்ளவை குரோமியம், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றின் குறியீடுகள்.

'விஜி-10' ஜப்பானின் தகேஃபு நிறுவனத் தயாரிப்பு. யாசுகி நகரின் 'வெள்ளைத் தாள்', 'நீலத் தாள்' எஃகுகள், அவற்றின் மீது ஒட்டப்பட்ட தாளின் நிறத்தால் பெயர் பெற்றவை. இவற்றைத் தயாரித்த ஹிட்டாச்சி மெட்டல்ஸ், 2023 முதல் புரோடீரியல் என்ற பெயரில் இயங்குகிறது.

முடியும் பிளேடும்

சவர பிளேடுக்கு மிக நுண்ணிய உட்கட்டமைப்பு கொண்ட எஃகு தேவை. ஸ்வீடனின் '13சி26', 'ஏஇபி-எல்' ஆகியவை இவ்வகையின. முன்னதைத் தயாரித்த சாண்ட்விக் குழுமப் பிரிவு 2022இல் அல்லீமா என்ற தனி நிறுவனமானது. இந்தியாவில் ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் நிறுவனம் ஹரியாணாவின் ஹிசாரில் பிளேடுக்கான எஃகுத் தகடு தயாரிக்கிறது.

எஃகை விட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான தலைமுடி, பிளேடை எப்படி மழுங்கடிக்கிறது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2020இல் இதற்கு விடை கண்டனர். விளிம்பு தேய்வதை விட, எஃகின் கட்டமைப்பு சீரற்றுள்ள இடங்களில் முடி வளைந்து மோதும்போது நுண்ணிய சில்லுகள் பெயர்வதே முக்கியக் காரணம் என அவர்கள் கண்டறிந்தனர். மழுங்கிய பிளேடு தோலைக் கீறும். ஒருவரின் ரத்தம் பட்ட பிளேடை மற்றவருக்குப் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி, சி போன்ற தொற்றுகள் பரவலாம். எனவே எந்த எஃகாயினும் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு அவசியம்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

பெயர் மட்டுமே தரமாகாது. உரிய வெப்பத்தில் சூடேற்றி, குளிர்வித்து, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்தாவிட்டால் உயர்ந்த எஃகும் பயன் தராது. லாரி வில்பட்டையிலிருந்து கைதேர்ந்த கொல்லர் அடிக்கும் அரிவாள் நெடுங்காலம் உழைப்பதற்கும் இந்தப் பதமே காரணம்.

'18/8' என்ற குறியீடு கரண்டி, பாத்திரங்களுக்குரிய எஃகைக் குறிக்கும். அதை வெப்பத்தால் கடினமாக்க முடியாது என்பதால் கத்தி அலகுக்கு ஏற்றதல்ல. அலகில் காந்தம் ஒட்டவே இல்லையெனில் இவ்வகையாக இருக்க வாய்ப்புண்டு. காந்தம் ஒட்டினாலும் அது தரத்துக்குச் சான்றாகாது. எஃகின் முழுப் பெயரையும் கடினத்தன்மை அளவையும் வெளிப்படையாகக் குறிப்பிடும் கத்தியைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பான வழி.