வளர்ந்து தேயும் கணக்கு – 11: நேப்பியரின் புள்ளி

போன வாரம் டூ பவர் எக்ஸ் வளைவரையின் சாய்வில் நிறுத்தியிருந்தோம். எக்ஸ் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் அந்தச் சாய்வு 0.693. த்ரீ பவர் எக்ஸுக்கு 1.0986. நடுவில் எங்கோ சாய்வு மிகச் சரியாக 1 ஆகும் எண்தான் 2.71828 என்று தொடங்கும் ‘ஈ’. பழைய இதழ் கிடைக்காதவர்களுக்கு இவ்வளவு போதும். வரைபடத்தை மறுபடி போட இடமில்லை.

அந்த 0.693 எங்கிருந்து வந்தது என்று இந்த வாரம் சொல்வதாக வாக்கு. அதற்காக மடக்கையின் பழங்கதையைப் புரட்டப் போய் ஜான் நேப்பியரிடம் மாட்டிக்கொண்டேன். மனுஷன் விடுவதாக இல்லை.

ஈ பவர் எக்ஸை வகையிட்டால் ஈ பவர் எக்ஸே வரும். பிளஸ் டூவில் இதை எந்த வரிசையில் படித்தோம்? முதலில் எண், பிறகு சார்பு, பிறகு எல்லை, கடைசியில் வகைக்கெழு. ஏதோ அந்த எண்ணுக்கு அடித்த யோகம் போல. நடந்தது நேர்மாறு. எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வேகம் என்ற நிபந்தனைதான் முதலில் வந்தது. ஆய்லர் ‘ஈ’ என்ற எழுத்தைக் கையாளத் தொடங்கியது 1720களின் கடைசியில். நேப்பியரின் மடக்கை நூல் எடின்பரோவில் அச்சேறியது 1614இல். நியூட்டன் பிறப்பதற்கு இன்னும் 28 ஆண்டுகள் இருந்தன. வகை நுண்கணிதம் என்ற ஒன்றே இல்லாத காலம்.

நேப்பியர் பேராசிரியர் இல்லை. மெர்ச்சிஸ்டன் கோட்டையில் பிறந்த ஸ்காட்லாந்து நிலக்கிழார். 1593இல் வெளிப்படுத்தின விசேஷத்துக்கு விளக்கவுரை எழுதி, 1688க்கும் 1700க்கும் நடுவே உலகம் முடிந்துவிடும் என்று கணக்குச் சொன்னவர். அக்கம்பக்கத்தில் அவரை மந்திரவாதி என்றே நினைத்தார்களாம். ஒரு கதை உண்டு: வீட்டில் திருட்டுப் போகிறது. வேலைக்காரர்களை ஒவ்வொருவராக இருட்டறைக்குள் அனுப்பி, அங்கே இருக்கும் கறுப்புச் சேவலைத் தடவிவிட்டு வரச் சொல்கிறார். திருடன் தொட்டால் சேவல் கூவும் என்கிறார். சேவல் மேல் கரியைப் பூசி வைத்திருந்தது அவருக்கு மட்டும்தான் தெரியும். கை சுத்தமாக வெளியே வந்தவன் அகப்பட்டான். உண்மையோ கட்டுக்கதையோ, மடக்கையைக் கண்டுபிடித்த மூளைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இனி விஷயம். வானியலாளர்களும் மாலுமிகளும் பெரிய பெரிய சைன் எண்களைப் பெருக்கியே ஓய்ந்துபோன காலம் அது. 90 பாகையின் சைனை அன்று 1 என்று வைப்பதில்லை. பின்னத் தொல்லை வேண்டாமென்று பெரிய முழு எண்ணாக வைப்பார்கள். நேப்பியர் எடுத்துக்கொண்டது ஒரு கோடி. ஒரு கோடி அலகு நீளத்தில் ஒரு கோடு. அதன் ஒரு முனையிலிருந்து ஒரு புள்ளி கிளம்புகிறது. அதற்கு ஒரே ஒரு விதி: எந்த இடத்திலும் அதன் வேகம், இன்னும் போக வேண்டிய தூரத்துக்குச் சமம். மீதி ஒரு கோடி என்றால் வேகமும் ஒரு கோடி. மீதி பத்து லட்சமானால் வேகமும் பத்து லட்சம். இப்படிப்பட்ட புள்ளி ஒருநாளும் ஊர் போய்ச் சேராது. அதே நேரத்தில் பக்கத்தில் முடிவில்லாத இன்னொரு கோட்டில் இன்னொரு புள்ளி கிளம்புகிறது. அது கிளம்பிய வேகமான ஒரு கோடியிலேயே கடைசிவரை ஓடுகிறது. முதல் புள்ளிக்கு மீதி இருக்கும் தூரம் ஒரு எண். அந்தக் கணத்தில் இரண்டாம் புள்ளி ஓடி முடித்த தூரம் அந்த எண்ணின் மடக்கை.

நம் பாஷையில் முதல் புள்ளியின் மீதித் தூரம்தான் ஈ பவர் மைனஸ் எக்ஸ். அது குறையும் வேகம் அதற்கே சமம். வகைக்கெழுவை வரையறையாகவே வைத்துக்கொண்டு ஒருவர் ஆரம்பித்துவிட்டார், அந்தப் பெயர் இல்லாமல்.

சரி, நுண்கணிதம் இல்லாமல் இதை எப்படிக் கணக்கிட்டார்? இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது இதுதான். முதல் புள்ளி ஒரே ஒரு அலகு நகர்ந்திருக்கிறது, மீதி 99,99,999. கிளம்பிய வேகத்திலேயே போயிருந்தால் அதே நேரத்தில் இரண்டாம் புள்ளியும் சரியாக 1 அலகு போயிருக்கும். ஆனால் முதல் புள்ளி வழியில் கொஞ்சம் தளர்ந்துவிட்டது, நேரம் கூடுதலாக எடுத்தது. ஆக விடை 1ஐவிடப் பெரியது. இனி, கடைசியில் இருந்த குறைந்த வேகத்திலேயே அந்த அலகு முழுவதையும் கடந்ததாக வையுங்கள். அப்போது இரண்டாம் புள்ளி 1.0000001 போயிருக்கும். விடை அதைவிடச் சிறியது. நேப்பியர் இரண்டுக்கும் நட்ட நடுவில் 1.00000005 என்று எடுத்துக்கொண்டார். இன்றைய கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், அது காட்டும் இலக்கங்களில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் கழித்தல், கழித்தல், கழித்தல். ஒவ்வொரு எண்ணிலிருந்தும் அதன் கோடியில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டே போக வேண்டும்: 99,99,999, 99,99,998.0000001, 99,99,997.0000003. இப்படியே நூறாவது எண் 99,99,900.0004950. இது முதல் அட்டவணை மட்டும். மொத்த வேலைக்கும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆயின. இரண்டாவது அட்டவணையில் கழிப்பது லட்சத்தில் ஒரு பங்கு, 50 முறை. கடைசி எண் 99,95,001.224804 என்று வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்தது 99,95,001.222927. எங்கோ ஒரு கழித்தலில் கை தவறிவிட்டது.

இப்போது போன வார பாக்கி. 30 பாகையின் சைன் பாதி. அதாவது 50 லட்சம். அதற்கு நேரே நேப்பியர் அச்சிட்ட மடக்கை 69,31,469. தசமப் புள்ளியை நகர்த்திப் பாருங்கள், நம் 0.693 உட்கார்ந்திருக்கிறது! சரியான விடை 69,31,472. மூன்று அலகு குறைந்ததற்கு அந்த இரண்டாம் அட்டவணைக் கழித்தல்தான் காரணம். அந்தப் பிழையைப் பெருக்கிப் பார்த்தால் வித்தியாசம் கச்சிதமாகக் கணக்கில் வருகிறது. ஆக 0.693 என்பது, வேகமும் அளவும் சமமாக ஓடும் புள்ளி தன் மீதியைப் பாதியாக்க எடுக்கும் நேரம். திருப்பிச் சொன்னால், அதே விதியில் வளரும் ஒன்று இரட்டிக்க எடுக்கும் நேரம். டூ பவர் எக்ஸ் அதே இரட்டிப்புக்கு 1 அலகு நேரம் எடுத்துக்கொள்கிறது. அதனால் அதன் வேகம் எப்போதும் தன் அளவில் 0.693 மடங்குதான். சூத்திரமாக எழுதி நிரூபிப்பதை அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிறேன். ஆசிரியர் குழுவிலிருந்து போன் வந்துவிட்டது.

ஒரு புகாரை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1615இல் லண்டனின் கிரெஷாம் கல்லூரிப் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ், நேப்பியரைப் பார்க்க எடின்பரோவரை பயணம் போனார். பத்தை அடிமானமாக வைக்கலாம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு. பிளஸ் டூ தேர்வில் நாம் புரட்டிய லாக் டேபிள் அந்த வழியில் வந்ததுதான். பெருக்கலுக்கு அது பெரிய சௌகரியம். ஆனால் டென் பவர் எக்ஸின் சாய்வு பூஜ்யத்தில் 2.302585. வேதியியலில் முதல் வகை வினையின் வேக மாறிலிக்கு 2.303 என்று ஒரு எண்ணைக் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்தோமே, அது பிரிக்ஸின் சௌகரியத்துக்கு நாம் இன்னமும் கட்டும் வரி.

அடுத்த வாரம் கார்பன்-14. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள், 0.693 அங்கே நேரடியாக வேலைக்கு வருகிறது. வீட்டுப் பரணில் பழைய லாக் டேபிள் கிடந்தால் தேடி எடுத்து வையுங்கள். கால்குலேட்டர் இல்லாமல்தான் போடப் போகிறோம்.