கும்மியடித்தால் வலி குறையுமா?

சேலம், நாமக்கல் மாவட்டச் சிற்றூர்கள் பலவற்றில் அண்மைக் காலமாக மாலைப் பொழுதுகளில் வள்ளி கும்மிப் பயிற்சி நடைபெற்று வருகிறது. முருகன் வள்ளி திருமணக் கதையை ஆசிரியர் பாட, பெண்களும் சிறுமியரும் வட்டமாக நின்று ஒரே தாளத்தில் கைகொட்டி அடியெடுத்து ஆடுகின்றனர். கொங்கு நாட்டின் இக்கலையை நெடுங்காலமாகக் கற்பித்துவரும் பத்ரப்பன் அவர்களுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முழங்கால் வலிக்காக எங்களிடம் வருவோரில் சிலர், கும்மியாடும் நேரத்தில் மட்டும் அவ்வலி தெரிவதில்லை என்று வியப்புடன் கூறுவதுண்டு. அதில் மிகையொன்றும் இல்லை.

நம் மூளையும் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியும் எண்டார்ஃபின் என்னும் பொருளைச் சுரக்கின்றன. அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், நரம்பணுக்களின் எந்த வாயில்களில் பொருந்தி வலியைத் தணிக்கிறதோ, அதே வாயில்களில் இதுவும் பொருந்துகிறது. 'உடலுக்குள் தோன்றும் மார்ஃபின்' என்பதே இப்பெயரின் பொருள். இக்குடும்பத்தைச் சேர்ந்த முதல் பொருள்களை 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் என்னும் இரு அறிஞர்கள் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தனர்.

இதனை மாத்திரையாக விழுங்க இயலுமா என்று கேட்போர் உண்டு. இயலாது. எண்டார்ஃபின் புரதத்தின் சிறு துண்டு போன்றது. பருப்பும் முட்டையும் செரிப்பதுபோல இதுவும் வயிற்றில் செரித்துவிடும். 'எண்டார்ஃபினைப் பெருக்கும் மருந்து' என்று விற்கப்படுபவற்றுக்குப் பணம் செலவிட வேண்டாம். மிளகாயின் எரிச்சலும் எண்டார்ஃபினைத் தூண்டும் என்பர். நம் ஊர்க் குழம்பில் ஏற்கெனவே காரத்துக்குக் குறைவில்லை. வயிற்றுப் புண் உள்ளோர் இதனை ஒரு காரணமாகக் கொள்ளலாகாது.

உடலுழைப்பே நன்கு அறியப்பட்ட வழி. 2008இல் ஜெர்மனியில் 10 ஓட்ட வீரர்களை இரண்டு மணி நேரம் ஓடச் செய்து, மூளையைப் படமெடுத்து ஆராய்ந்தனர். இப்பொருள்கள் மூளையில் வெளிப்பட்டதற்கான அடையாளம் தெரிந்தது. மகிழ்ச்சியை மிகுதியாக உணர்ந்தவர்களிடம் அது மிகுதியாகவும் இருந்தது. ஓட்டத்தின் மகிழ்ச்சிக்கு எண்டார்ஃபின் மட்டுமே காரணமன்று, வேறு பொருள்களுக்கும் பங்குண்டு என்று பிந்தைய ஆய்வுகள் காட்டுகின்றன. நோயாளிக்கு அந்த வேறுபாடு பெரிதன்று.

கும்மிக்கு நெருக்கமான ஆய்வு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் படகு வீரர்களைப் பற்றியது. அவர்கள் ஒருநாள் தனியாகவும் மறுநாள் குழுவாக ஒரே தாளத்திலும் துடுப்புப் பயிற்சி செய்தனர். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டிக் காற்றை ஏற்றி, எந்த அழுத்தத்தில் வலி தோன்றுகிறது என்று அளந்தனர். உழைப்பு ஒன்றே, ஆயினும் சேர்ந்து துடுப்பிட்ட நாளில் வலி தாங்கும் திறன் தெளிவாகக் கூடியிருந்தது. பிரேசில் பள்ளி மாணவர்களை ஆடச்செய்து நடத்திய ஆய்வும் 2015இல் இதையே காட்டியது. எண்டார்ஃபினை நேரடியாக அளக்காமல், வலி தாங்கும் திறனைக் கொண்டு ஊகித்தவை இவ்வாய்வுகள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

"நாள் முழுதும் தறியில் நிற்கிறேன், இதற்குமேல் என்ன உடற்பயிற்சி?" என்று நெசவாளர்கள் கேட்பது நியாயமே. இரைச்சலுக்கு நடுவே தனித்து நின்று, கூலியை எண்ணிச் செய்யும் உழைப்பு உடலைக் களைப்பாக்குகிறது. மனத்தை அதே அளவில் தளர்த்திவிடுவதில்லை. அத்தகையோருக்கு மேலும் ஒரு பயிற்சியைவிட, நாலு பேரோடு சேர்ந்து பாடுவதும் சிரிப்பதும் பொருந்தும் என்பது எங்கள் கருத்து. அடக்கமாட்டாத சிரிப்பும் கூட்டாகப் பாடுவதும் வலி தாங்கும் திறனை உயர்த்துவதாக ஆய்வுகள் உள்ளன.

நோயாளிகள் சில எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் சமவெளியின் வெயில் கடுமையானது. காலை ஏழு மணிக்கு முன் நடையை முடித்துவிடுங்கள். நீரிழிவு உள்ளோர் கோயில் கிரிவலத்திலும் வெறுங்காலுடன் நீண்ட தொலைவு நடக்க வேண்டாம். இன்சுலின் போடுவோர் சட்டைப் பையில் சிறிது சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருங்கள். இதய நோயாளிகள் திருச்செங்கோட்டு மலைப் படிகளில் ஏறும் முன் மருத்துவரின் ஒப்புதல் பெறுங்கள். நடக்கையில் நெஞ்சு இறுகினால் உடனே நின்று, உதவி கேளுங்கள். வயிற்றில் அறுவை செய்துகொண்டோர் சிரிக்கும்போது தலையணையால் தையலை மெல்ல அணைத்துக்கொண்டால் வலி குறையும். எழுந்து நிற்க முடியாதவர்கள் கட்டிலில் அமர்ந்தபடியே கைகொட்டிப் பாடலாம். பக்கத்துப் படுக்கைக்காரரின் உறக்கத்தையும் எண்ணிப் பாருங்கள்.

உடனிருந்து பார்த்துக்கொள்வோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1978இல் அமெரிக்காவில் பல் பிடுங்கிய நோயாளிகளுக்கு மருந்தற்ற ஊசி போட்டபோது, சிலருக்கு வலி தணிந்தது. மார்ஃபினின் செயலைத் தடுக்கும் நலாக்சோன் என்னும் மருந்தைச் செலுத்தியதும் அவர்களுக்கு வலி மீண்டும் கூடியது. வலி குறையும் என்னும் நம்பிக்கையே உடலின் மார்ஃபினைச் சுரக்கச் செய்திருந்தது என்று ஆய்வாளர் கருதினர். கட்டிலருகே நீங்கள் தரும் ஆறுதல் வெறும் பேச்சன்று. அதைத் தருவதற்கு உங்களுக்கும் தெம்பு வேண்டும். அரை மணி நேரம் வேறொருவரை அமரச் செய்துவிட்டு வெளியே நடந்து வாருங்கள். அதனைக் கடமை தவறுவதாக எண்ண வேண்டாம்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக மனம் சோர்ந்தே இருப்பது, உறக்கமும் பசியும் கெடுவது, வாழ்வதில் பயனில்லை என்னும் எண்ணம் எழுவது ஆகியவை மனச்சோர்வு நோயின் அறிகுறிகள். இதற்கு நடையும் கும்மியும் துணை செய்யும்; மாற்றாக மாட்டா. ஏற்கெனவே மனநல மருந்து உட்கொள்வோர் 'இப்போது நன்றாக இருக்கிறது' என்று தாமாக நிறுத்திவிடாதீர்கள். வார்டு செவிலியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பேச விரும்பினால், அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416க்கு எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.